முப்பத்தேழு ஹங்கேரித் தலைகள்

அம்மா, அந்த ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுகிறீர்களா? குளிருக்காக இல்லை. கையில் ஸ்டாம்பு இருக்கிறது. ஒரு காற்று அடித்தால் போதும், இது கண்மாயில் போய் விழும், நான் பின்னாலேயே குதிக்க வேண்டியதாகிவிடும். நன்றி அம்மா.

என்ன பார்க்கிறீர்கள்? வைரமா என்றா? இல்லை இல்லை, லென்ஸைப் பார்த்து எல்லாரும் அப்படித்தான் நினைப்பார்கள். இது பிரஸ் லென்ஸ். என் பெயர் தனுஷ்கோடி. சிவகாசியில் முப்பத்துநாலு வருஷம் ஆப்செட் மிஷினில் நின்றவன். காலண்டரில் சாமியின் உதட்டுச் சிவப்பு ஒரு நூல் நகர்ந்து கன்னத்தில் விழுந்திருக்கிறதா என்று இதை வைத்துத்தான் பார்ப்போம். ரிட்டயரான அன்றைக்கு மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு கொடுத்தார்கள். "விளக்கு வேண்டாம், லென்ஸைக் கொடுங்கள்" என்றேன். ரெண்டையும் கொடுத்துவிட்டார்கள்.

நீங்கள் எது வரைக்கும்? கடையநல்லூரா? நல்லதாகப் போயிற்று. நான் தென்காசி. அப்படியானால் முழுவதையும் சொல்லலாம். இன்றைக்கு யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் எனக்கு. காலையிலிருந்து நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கிறது. பிரஷர் இல்லை, பார்த்துவிட்டேன். இது ஸ்டாம்பு படபடப்பு.

எனக்கு ஒரு அநியாயம் நடந்திருக்கிறது அம்மா. ஒரு டீச்சர் என்னிடமிருந்து முப்பத்தேழு ஹங்கேரித் தபால்தலைகளை எடுத்திருக்கிறார். திருடவில்லை, முறைப்படி கையெழுத்துப் போட்டுத்தான் எடுத்தார். ஆனால் ஏன் எடுத்தார் என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வருஷமாகத் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஹங்கேரி எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? எல்லாரும் கேட்பார்கள். பிரஸ்ஸில் வேஸ்ட் பேப்பர் மூட்டைக்குள் ஒரு நாள் ஒரு ஸ்டாம்பு கிடந்தது. பட்டாம்பூச்சி படம். சும்மா லென்ஸை வைத்துப் பார்த்தேன். அம்மா, எனக்கு மயிர்க்கூச்செறிந்துவிட்டது. இறக்கையில் இத்தனை கலர், ஒரு கலர்கூட இம்மி நகரவில்லை. நாங்கள் ஆளுயர முருகனை அடிக்கும்போதே வேலின் நுனி தனியாக ஓடும். இவன் கட்டைவிரல் அளவுக்குள் ஒரு தோட்டத்தையே அடித்திருக்கிறான்! யார் அந்த மிஷின்மேன், அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது. ஊர் பெயர் பார்த்தால் 'மாகியார் போஸ்டா' என்று இருந்தது. பூகோளப் படத்தில் அப்படி ஒரு நாடே இல்லை. அவர்கள் பாஷையில் ஹங்கேரி தபால் என்று அர்த்தம் என்று தெரிந்துகொள்ளவே எனக்கு ஏழு மாசம் ஆயிற்று.

அன்றைக்குப் பிடித்தது. இன்றைக்குத் தென் ஜில்லாக்களில் ஹங்கேரித் தலைக்கு விலை கேட்க வேண்டுமென்றால் என்னிடம்தான் வருவார்கள். நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்கும்தான்.

ஒரு ஆல்பத்தைத் திறந்தால் வாசனையிலேயே பாதி சொல்லிவிடுவேன். முத்திரை மூலையில் அழகாகக் கால்வட்டமாக விழுந்திருக்கிறதா? பின்னால் பசை அப்படியே இருக்கிறதா? அது தபாலில் போகவே இல்லை. அந்த நாட்டில் சேகரிக்கிறவர்களுக்காக முத்திரையைக் குத்தியே கட்டுக்கட்டாக விற்றார்கள். பார்க்க அழகு, விலை இல்லை. அதே தலை, முத்திரை மூக்கில் அப்பி, அழுக்காக, பசை போய் இருந்தால்? அது ஒரு கடிதத்தில் ஏறி ஒரு வீட்டுக்குப் போய் வந்தது. அதைத்தான் தேட வேண்டும். சுத்தமானது மலிவு, அழுக்கானது உசத்தி. இதைச் சொன்னால் பையன்கள் அழுதுவிடுவார்கள். நான் என்ன செய்ய?

எனக்கு ரெண்டு விதிதான். ஒன்று, பின்பக்கம் பார்க்காமல் எந்தத் தலைக்கும் விலை சொல்லாதே. ரெண்டு, மையை ஸ்டாம்பு பக்கத்தில் கொண்டுவராதே. குறித்துவைக்க வேண்டுமா, மிருதுவான பென்சில். அழித்தால் போய்விட வேண்டும். மை பட்ட தலை செத்த தலை.

நான் பென்சிலில் தேதி எழுதுவேன். எந்தத் தலை எந்த நாள் பாக்கெட்டிலிருந்து பிரிந்து என் கைக்கு வந்தது என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதிவிடுவேன். வெறும் தேதி எழுதினால் அது எந்த நாள் என்று எனக்கு ஞாபகம் வராது. அதனால் கூடவே ரெண்டு வார்த்தை. 'மழை. பால் திரிந்தது.' 'கண்ணாடியைத் தேடினேன், தலையில் இருந்தது.' 'குயில் கத்துகிறது, யாரைக் கூப்பிடுகிறதோ.' இப்படி ஏதாவது. ஞாபகத்துக்குத்தான். வீட்டுக்காரி தங்கபுஷ்பம் இருந்தவரை இந்தப் பழக்கம் கிடையாது. அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் தேதி எல்லாம் மறக்க ஆரம்பித்தது. வயசாகிறது இல்லையா.

ஶ்ரீவில்லிபுத்தூர் வந்துவிட்டது பாருங்கள். இருங்கள், அந்த அம்மாள் கூடையை வைக்கட்டும். இந்த ஸ்டாம்பு கேட்லாக்கை மடியில் வைத்துக்கொள்கிறேன். ஆமாம், கனம்தான். மருமகள் இதைத் தலையணை என்றுதான் சொல்லுவாள்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. பதினாறு பேர். நாகர்கோவிலிலிருந்து மதுரை வரைக்கும் சிதறிக் கிடக்கிறோம். ஒவ்வொருவரும் தன்னிடம் மிச்சமாக இருக்கிற தலைகளை ஒரு சின்ன நோட்டில் கட்டம் கட்டமாக ஒட்டுவோம். மேல்விளிம்பில் மட்டும் ஒரு துண்டுத்தாள். தூக்கினால் பின்பக்கம் தெரிய வேண்டும். கீழே விலை. பதினாறு நோட்டும் சேர்ந்த கட்டு தபாலில் ஒருத்தர் வீட்டுக்குப் போகும். அவர் வேண்டியதை எடுத்துக்கொண்டு, காலியான கட்டத்தில் கையெழுத்துப் போட்டு, அடுத்தவருக்கு அனுப்புவார். சுற்றி வர ரெண்டு மாசம் ஆகும். கடைசியில் உங்கள் நோட்டு உங்களிடம் வரும்போது எது போயிற்று, யார் எடுத்தார்கள் என்று தெரியும். கல்யாண வீட்டு மொய் கவரைப் பிரிக்கிற மாதிரி இருக்கும்.

என் நோட்டிலிருந்து முன்பெல்லாம் அதிகம் போகாது. நான் வைப்பது மலிவுத் தலைகள்தான். நல்லதை யார் வைப்பார்கள்? போன வருஷம் தை மாசம் கழித்து ஒரு நாள் நோட்டு வந்தது. பிரித்தேன். ஆறு கட்டம் காலி. ஆறிலும் ஒரே கையெழுத்து. 'ஹெ' என்று ஒற்றை எழுத்து. பச்சை மை!

ஹெப்சிபா டீச்சர். தென்காசிக்காரர். தலைமையாசிரியையாக இருந்து ரிட்டயர் ஆனவர். பச்சை மையில் கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டது, விட முடியவில்லை. அதற்கு முந்தின மாசம்தான் கோவில்பட்டியில் சங்கத்தின் வருஷக் கூட்டத்தில் அவரை முதல்முதலாகப் பார்த்தேன். பார்த்த உடனேயே சண்டை. மேஜைமேல் கழுகுப் படம் போட்ட பழைய ஹங்கேரித் தலைகள் பரப்பியிருக்கின்றன, இவர் பச்சை மைப் பேனாவை மூடியில்லாமல் ஆட்டிக்கொண்டு வருகிறார். 

"டீச்சர், பேனாவை மூடுங்க. மை பட்டா செத்துப் போகும்" என்றேன்.

"யாரு, நீங்களா ஸ்டாம்பா?" என்றார்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. அவமானம்தான், வேறென்ன?

அதோடு விட்டாரா? அந்தக் கழுகுத் தலையின் காகிதத்துக்குள் ஒரு நீர்க்குறி உண்டு. கண்ணுக்குத் தெரியாது. கறுப்புத் தட்டில் தலையைக் குப்புற வைத்து ரெண்டு சொட்டு லைட்டர் பெட்ரோல் விட்டால் காகிதத்துக்குள்ளிருந்து எழுந்து வரும். இரட்டைச் சிலுவை. அது நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பதில் விலை மாறும். பத்து விநாடிதான் தெரியும், பெட்ரோல் காய்ந்ததும் மறைந்துவிடும். அதனால் பார்க்கிற ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிய வேண்டும். குனிந்தோம். தலையும் தலையும் டம்மென்று முட்டிக்கொண்டது. டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். சிரித்து முடிப்பதற்குள் நீர்க்குறி போய்விட்டது. மறுபடியும் விட்டோம், மறுபடியும் சிரிப்பு. நாலு தடவை பெட்ரோல் விட்டோம் அம்மா! நாலு தடவையும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீர்க்குறி பார்ப்பதில் நான் புலி. அன்றைக்கு என்ன ஆயிற்றோ. வெளிச்சம் போதவில்லை என்று நினைக்கிறேன்.

"படுத்திருக்கு" என்றேன் ஒரு குத்துமதிப்பில்.

"நல்லாப் பாருங்க சார். நிக்குது" என்றார் டீச்சர், அத்தனை பேர் முன்னாலும்.

நின்றுகொண்டுதான் இருந்தது.

அப்படிப்பட்ட கண்ணுள்ளவர், மறுமாசமே என் மலிவுத் தலைகளில் ஆறை எடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? நீங்களே சொல்லுங்கள். அந்த ஆறில் எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருக்கிறது என்றுதானே அர்த்தம்? ஒரு கலர் விட்டுப்போனது, ஒரு புள்ளி கூடினது, காகிதம் மாறினது. அப்படி ஒரு பிழை கிடைத்தால் ரெண்டு ரூபாய்த் தலை ரெண்டாயிரத்துக்குப் போகும். பிழைக்குத்தான் எங்கள் தொழிலில் மவுசு. இவர் பார்த்துவிட்டார், நான் விட்டுவிட்டேன்!

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், துக்கமும் இல்லை. எழுந்து எழுந்து நடந்தேன். ஏதோ பாட்டுக்கூடப் பாடினேன் போலிருக்கிறது. பக்கத்துத் தெருவில்தான் மகனும் மருமகளும் இருக்கிறார்கள். மருமகள் செல்வராணி காலையில் இட்லி கொண்டு வந்தவள், "என்ன மாமா, பாட்டெல்லாம் பலமா இருக்கு? காம்பவுண்டு வரைக்கும் கேக்குது" என்றாள். "என்னை ஒரு டீச்சர் ஏமாத்திட்டாங்கம்மா" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, இன்னும் ரெண்டு இட்லி வைத்தாள்.

அடுத்த சுற்றில் ஏழு போயிற்று. அதற்கடுத்து ஐந்து. எல்லாம் 'ஹெ', எல்லாம் பச்சை.

நான் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டேன். அவர் எடுத்த தலைகளுக்கு ஜோடி எங்கெங்கே கிடைக்குமோ அங்கெல்லாம் தேடினேன். பள்ளிக்கூட வாசலில் ஸ்டாம்பு பாக்கெட் விற்கிறவரிடம் மொத்தமாக வாங்கினேன். ஒரே பட்டாம்பூச்சி அறுபத்தோரு தலை! மொட்டைமாடியில் வரிசையாக வைத்து ஒவ்வொரு இறக்கையிலும் புள்ளி எண்ணினேன். செல்வராணி, "மாமா, அந்தப் பூச்சிக்குக் கூச்சமா இருக்கும், விடுங்க" என்றாள். விடவில்லை. நாற்பத்துநாலாவது தலையில் கிடைத்தது! இடது இறக்கையில் ஒரு கறுப்புப் புள்ளி கூடுதல்!

அம்மா, நான் கத்திய கத்தில் எதிர்வீட்டு வாத்தியார் ஓடி வந்துவிட்டார். சங்கத்துச் செயலாளர் சௌந்தரபாண்டியனுக்குப் போன் போட்டேன். ராஜபாளையத்தில் ஹோமியோபதி டாக்டர், அவர்தான் நோட்டுக் கட்டுகளை அனுப்பிவைப்பவர். "கண்டுபிடிச்சுட்டேன் டாக்டர்! டீச்சர் எதைப் பாத்தாங்கன்னு கண்டுபிடிச்சுட்டேன்! உடனே வாங்க!" வெயிலில் பஸ் பிடித்து வந்தார் மனுஷன். பட்டுத்துணி விரித்து, தலையை நடுவில் வைத்து, லென்ஸைக் கொடுத்தேன். அவர் பார்த்தார். ரெண்டு சொட்டு பெட்ரோல் விட்டார். பஞ்சால் துடைத்தார். புள்ளி போய்விட்டது.

"ஈ எச்சம் அண்ணாச்சி" என்றார்.

எதிர்வீட்டு வாத்தியார் மெதுவாகச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஆனாலும் டாக்டருக்குக் கோபமே இல்லை. மோர் குடித்தார். என் நோட்டைப் புரட்டினார். ஒரு தலையைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். அவர் உதடு துடித்தது. "அண்ணாச்சி, எல்லா ஸ்டாம்புலயும் இப்படித்தான் எழுதுவீகளா?" என்றார். "தேதி ஞாபகத்துக்கு" என்றேன். "சரிதான், சரிதான்" என்று இருமினார். புரையேறிவிட்டது போல.

அப்புறம் நான் ஒரு பரீட்சை வைத்தேன். மூளை எப்படி வேலை செய்தது பாருங்கள். ஒரே தலையில் ரெண்டு: ஹங்கேரி சர்க்கஸ் கோமாளி. ஒன்று அன்று காலையில்தான் பாக்கெட்டிலிருந்து பிரித்தது, பளபளவென்று, பின்பக்கம் வெண்ணெய் மாதிரி சுத்தம். இன்னொன்று பழசு. மூலை கிழிந்தது, ஓரத்துப் பல் ரெண்டு போனது, பின்னால் என் பென்சில் வேறு. ரெண்டையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் ஒட்டினேன், ஒரே விலை போட்டேன். புத்தி உள்ள யாரும் முழுசைத்தானே எடுப்பார்கள்?

டீச்சர் கிழிந்ததை எடுத்தார்! முழுசை விட்டுவிட்டார்!

அம்மா, ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது? நான் ரெண்டு நாள் தூங்கவில்லை. கிழிசலுக்குள் என்ன ரகசியம்? ஒருவேளை காகிதம் வேறோ? கிழிந்தால்தானே நார் தெரியும்? முழுசை நானும் கிழித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. நல்ல தலை ஒன்று போனதுதான் மிச்சம்.

"அவங்களையே கேட்டுடுங்களேன் மாமா" என்றாள் செல்வராணி. அது எப்படி? எங்கள் தொழிலில் கேட்கிற வழக்கமே இல்லை. கேட்டால் தோற்றேன் என்று அர்த்தம். இந்த ஆறு சுற்றும் நான் என்ன செய்தேன் தெரியுமா, கட்டத்துக்குக் கட்டம் தலைகளைக் கூட்டினேன். முன்னே ஒரு சுற்றுக்கு இருபது வைத்தவன், அறுபது வைத்தேன். உட்கார்ந்து உட்கார்ந்து பழசையெல்லாம் பிரித்தேன். பென்சில் நாலு கரைந்தது. ஒரு வலைதான் அது. எதை எடுக்கிறார் என்று பார்த்தால் ரகசியம் பிடிபடும் அல்லவா?

ராஜபாளையம். ஒரு நிமிஷம் அம்மா, ஜன்னலை ஏற்றுங்கள். டாக்டர் வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அதோ வருகிறார், வெள்ளைச் சட்டை. டாக்டர்! இங்கே, இங்கே! … ஆமா, கெளம்பிட்டேன் … இருக்கு, கேட்லாக் இருக்கு, லென்ஸ் இருக்கு. பெட்ரோல்தான் ரயில்ல கொண்டுவரக் கூடாதுன்னு வீட்டிலயே வெச்சிட்டேன் … சட்டையா? புதுசுதான். செல்வராணி எடுத்தது … என்னத்தக் கேலி பண்ணுதீக? … சரி, சரி. வண்டி எடுத்துட்டான். வாரேன்!

பார்த்தீர்களா அம்மா அந்த ஆளை? என்ன சொன்னார், கேட்டீர்களா? "அண்ணாச்சி, கேட்லாக்க எறக்கி வெச்சிட்டுப் போங்க" என்கிறார். ஒரு நிபுணன் கேட்லாக் இல்லாமல் போக முடியுமா?

ஏன் இன்றைக்குப் போகிறேன் என்று சொல்லவில்லையே. பதினோரு நாளைக்கு முன்னால் டீச்சரிடமிருந்து ஒரு கவர் வந்தது. உள்ளே வெண்ணெய்த் தாள் பையில் ஒரு ஸ்டாம்பு, கூட ஒரு கடிதம். இதோ, படிக்கிறேன், கேளுங்கள். மனப்பாடமாகவே தெரியும், இருந்தாலும் பார்த்துப் படிக்கிறேன்.

'அன்புள்ள தனுஷ்கோடி சார், உங்கள் நோட்டிலிருந்து நான் எடுத்த முப்பத்தேழையும் தனி ஆல்பமாக வைத்திருக்கிறேன். ஒன்றை மட்டும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நன்றாகப் பார்க்கவும். என் தம்பி ஓசூருக்கே வந்துவிடும்படி வற்புறுத்துகிறான். வாடகை வீட்டை ஒப்படைத்துவிட்டு வருகிறேனா என்று அவனுக்குப் பத்தாம் தேதி சொல்ல வேண்டும். அதற்குள் உங்கள் பதில் தெரிந்தால் நல்லது. ஹெப்சிபா.'

இன்றைக்கு என்ன தேதி? பத்து!

எப்படிச் சவால் விட்டிருக்கிறார் பார்த்தீர்களா? 'நன்றாகப் பார்க்கவும்.' அன்றைக்கும் அதையேதான் சொன்னார். ஒன்றை அனுப்புகிறேன், முடிந்தால் கண்டுபிடி என்கிறார். கண்டுபிடிக்காவிட்டால் ஆல்பத்தோடு ஓசூர் போய்விடுவார். அங்கிருந்து பெங்களூர் எவ்வளவு தூரம்? பெரிய வியாபாரி எவனாவது வந்து முப்பத்தேழையும் அள்ளிக்கொண்டு போய்விடுவான். அப்புறம் என் நோட்டு எப்படி வரும்? எல்லாக் கட்டமும் நிறைந்து, ஒரு பச்சைக் கையெழுத்துகூட இல்லாமல், போன மாதிரியே திரும்பி வரும்.

அதை நினைத்தால் எனக்குக் கை கால் ஓடவில்லை அம்மா. நஷ்டத்தை நினைத்துத்தான்.

பதினோரு நாள் பார்த்தேன். வெயிலில் பார்த்தேன், நிழலில் பார்த்தேன், டியூப்லைட்டில் பார்த்தேன். அனுப்பியிருப்பது எது தெரியுமா? அந்தக் கிழிந்த கோமாளி! மூக்குச் சிவப்பு சரியாக இருக்கிறது. தொப்பிப் பொட்டு பதினொன்று, கேட்லாக் படத்திலும் பதினொன்று. பல் எண்ணினேன், ஒழுங்கு. முத்திரை ஒழுங்கு. ஒரு பிழை கிடையாது. நேற்று முடிவு பண்ணிவிட்டேன்: நேரில் போய், மற்ற முப்பத்தாறையும் பார்த்து, அங்கேயே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவது. பதினெட்டு வருஷமாக ஹங்கேரி என்றால் தனுஷ்கோடி. அந்தப் பேர் போய்விடக் கூடாது.

செல்வராணியிடம், "தென்காசி வரைக்கும் போய்ட்டு வாரேன், டீச்சரப் பாக்க" என்று சொன்னதுதான் தாமதம். அவள் ஓடிப் போய் இந்தச் சட்டையை எடுத்து வந்தாள். எப்போது வாங்கி வைத்திருந்தாளோ. இஸ்திரி போட்டாள். மீசையில் ஒரு முடி நீட்டிக்கொண்டிருக்கிறது என்று கத்திரிக்கோலோடு வந்தாள். கால் கிலோ அல்வா, ஒரு முழம் மல்லிகைப் பூ. "பூ எதுக்கும்மா, ஸ்டாம்பு பாக்கப் போறதுக்கு?" என்றேன். "பையில இருக்கட்டும் மாமா, வாசனைக்கு" என்றாள். சமயத்தில் என்ன செய்கிறாள் என்று அவளுக்கே தெரியாது. நல்ல பிள்ளை. மகன் வாசலில் நின்று, "அப்பா, நெதானமா பேசிட்டு வாங்க. ஒண்ணும் அவசரமில்ல" என்று சொன்னான். அவனுக்கு ஸ்டாம்பில் அக்கறையே கிடையாது. இன்றைக்கு என்னவோ கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

சங்கரன்கோவில் தாண்டிவிட்டதா? எப்போது வந்தது, எப்போது போனது? பேசிக்கொண்டே கவனிக்கவில்லை.

என்ன கேட்டீர்கள்? பின்பக்கமா?

பின்பக்கம் பார்க்கவில்லை. அதாவது, பார்க்க வேண்டியதில்லை. இது என் தலை அம்மா, என்னிடமிருந்து போனது. பின்னால் என் பென்சில்தான் இருக்கும். நான் எழுதியது எனக்குத் தெரியாதா? என் முதல் விதி அதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது அடுத்தவர் தலைக்கு. நம் முதுகை நாமே எதற்குப் பார்க்க வேண்டும்? என்ன எழுதினேன் என்பதுகூட நினைவிருக்கிறது. புரட்டாசியில் ஒரு நாள், சாம்பார் வைத்தேன், உப்பே போடவில்லை. ஒரு வாய் வைத்ததும் தெரிந்தது. தங்கபுஷ்பமாக இருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் என்னை ஓட்டியிருப்பாள் என்று நினைத்தேனா, சிரிப்பு வந்துவிட்டது. சத்தம் போட்டுச் சிரித்தேன். வீட்டில் யாருமில்லை. அதைத்தான் எழுதினேன். இதிலெல்லாம் விலை ஒன்றும் கூடாது. பென்சில் இருந்தால் உண்மையில் குறையும்.

சரி, சரி. நீங்கள் இவ்வளவு சொல்கிறீர்கள். இடுக்கியை எடுக்கிறேன். ஜன்னல் மூடித்தானே இருக்கிறது? கோமாளியைத் திருப்புகிறேன். லென்ஸ் எதற்கு, வெறும் கண்ணுக்கே தெரியும். இதோ தேதி, இதோ என் எழுத்து: 'சாம்பாரில் உப்பு மறந்தேன். தனியாகச் சிரித்தேன்.' சொன்னேன் அல்லவா?

இருங்கள்.

கீழே இன்னொரு வரி இருக்கிறது. இது நான் எழுதியது இல்லை. பச்சை! அம்மா, மை! ஸ்டாம்பு மேலே மை போட்டிருக்கிறார்! தலைமையாசிரியையாக இருந்தவர், கழுகுத் தலைக்கு நீர்க்குறி பார்க்கிறவர், பசைமேலேயே பேனாவை வைத்து…

கொஞ்சம் பொறுங்கள். லென்ஸைக் கொடுங்கள். கண்ணாடி எங்கே? தலையிலா? ஆமாம்.

'கூடச் சிரிக்க ஆள் வேண்டாமா?'

இல்லை, படித்துவிட்டேன். இன்னொரு தடவை படிக்கிறேன்.

'கூடச் சிரிக்க ஆள் வேண்டாமா?'

முப்பத்தேழு. பால் திரிந்தது, குயில் கத்தினது, கண்ணாடி தொலைந்தது, எல்லாவற்றையும் எடுத்து ஆல்பத்தில் வைத்துக்கொண்டு… நான் பட்டாம்பூச்சிக்குப் புள்ளி எண்ணிக்கொண்டிருந்தேன் அம்மா. அறுபத்தோரு பூச்சிக்கு. சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். அந்த டாக்டருக்குத் தெரியும்! செல்வராணிக்குத் தெரியும்! வீட்டில் மகன் முதற்கொண்டு எல்லாருக்கும்… அந்தப் பூ! அல்வா!

மணி என்ன அம்மா? பதினொன்றா? இந்த வண்டி ஏன் இப்படி நகருகிறது? சரியான நேரத்தில்தான் போகிறதா? எனக்கு அப்படித் தெரியவில்லையே. தென்காசிக்கு இன்னும் எத்தனை ஸ்டேஷன்? பாம்பக்கோவில் சந்தை, கடையநல்லூர், அப்புறம் தென்காசியா? டீச்சர் தம்பி காலையிலேயே போன் பண்ணிக் கேட்டிருப்பானோ? இல்லை, சாயங்காலம்தான் கேட்பான். பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதி முழுவதும்தானே?

சட்டைக் காலர் சரியாக இருக்கிறதா? மீசை? ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்கவில்லையே? இந்தக் கேட்லாக்கை நீங்கள் வைத்துக்கொள்கிறீர்களா? வேண்டாமா? சரி, பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன், திரும்பி வரும்போது… இல்லை, கிடக்கட்டும்.

இந்தப் பச்சை வரிக்கு அடியில் இன்னும் ஒரு வார்த்தை எழுத இடம் இருக்கிறது பாருங்கள். ஓரத்தில். பல்லுக்குப் பக்கத்தில். நேரில் போய் நின்றால் எனக்கு வாய் வராது. மறுபடியும் நீர்க்குறியைப் பற்றித்தான் பேசுவேன், என்னை எனக்குத் தெரியும். இதை எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டு நிற்கிறேன்.

அம்மா, உங்கள் பையில் பேனா இருக்குமா? என்னிடம் பென்சில்தான் இருக்கிறது.

பென்சில் வேண்டாம். அழிந்துவிடும்.